வாசல்வரை வந்த மருந்து

பண்ருட்டிக்குத் தெற்கே, முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் உள்ள ஒரு கிராமத்துக்குச் சில மாதங்களுக்கு முன் போயிருந்தோம். போன காரியம் வேறு. ஆனால் போன இடத்தில் எழுபத்துநான்கு வயதான ஒரு மூதாட்டி, "தம்பி, நீங்க படிச்சவங்க. இதுல எது எதுக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்று, சுவரில் ஆணியில் தொங்கிய மஞ்சள் பையை எடுத்து வந்து நமக்கு முன்னால் பாயில் கொட்டினார்.

எண்ணிப் பார்த்தோம்; பதினொரு வகை மருந்துகள் இருந்தன. சில முழு அட்டைகள். சில, கடையில் கத்தரியால் வெட்டிக் கொடுத்த துண்டுகள். அவற்றில் மருந்தின் பெயர் பாதி போயிருந்தது, காலாவதித் தேதி முழுவதும் போயிருந்தது. அடியில் பிசுபிசுத்துப்போன ஓர் இருமல் மருந்துப் புட்டி. இரண்டு வருஷத்துக்கு முன் காலமான அவருடைய கணவரின் இருதய நோய் மாத்திரைகளும் ஓர் அட்டை இருந்தன. "ஆயா, இதை ஏன் இன்னும் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டோம். "காசு போட்டு வாங்குனது தம்பி. எனக்கு மாரு வலிச்சா ஒண்ணு போட்டுக்குவேன்" என்றார். நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கோ அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

நாம் வைத்தியரல்ல. ஆகையால் அம்மூதாட்டியின் அனுமதியோடு பையை அப்படியே எடுத்துக்கொண்டு, அவரையும் உடன் அழைத்துக்கொண்டு, பண்ருட்டியில் நமக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம் போனோம். அவர் அட்டைகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றும் எப்போது, யாரால் கொடுக்கப்பட்டது என்று பொறுமையாகக் கேட்டுக் கண்டுபிடித்த கதையை வாசகர்கள் கேட்க வேண்டும்.

பையில் இருந்த இரண்டு மாத்திரைகள் ஒரே மருந்து. ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கப்படும் அம்லோடிபின் என்பது அதன் பெயர். ஒன்று சர்க்கார் மூலம் வீடு தேடி வந்தது. மற்றொன்று, கடலூரில் வாழ்க்கைப்பட்ட மகள் அழைத்துச் சென்று காட்டிய தனி வைத்தியர் எழுதியது. முன்னதில் மருந்தின் பொதுப் பெயர் மட்டும் இருந்தது. பின்னதில் கம்பெனி சூட்டிய பெயரும் சேர்ந்திருந்தது. இரண்டும் இங்கிலீஷ் எழுத்து. ஒன்று வட்டம், ஒன்று நீளம். ஆகவே அவருடைய கணக்கில் இவை இரண்டு வெவ்வேறு மாத்திரைகள். இரண்டையும் தவறாமல் சாப்பிட்டு வந்தார். அந்த மருந்து சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் உண்டாக்கும். அளவு கூடினால் வீக்கம் வருவதும் கூடும். இவருக்கும் கால் வீங்கிற்று. வீக்கத்தைக் காட்ட மூன்றாவது ஒரு வைத்தியரிடம் போனார். நீர் பிரிவதற்கு ஒரு மாத்திரை கிடைத்தது. காலையில் சாப்பிட வேண்டிய அதை இவர் இரவில் சாப்பிட்டார். ராத்திரியில் நாலு தடவை எழுந்து தோட்டத்துப் பக்கம் போக வேண்டியதாயிற்று. ஒரு நாள் இருட்டில் நிலைப்படி தடுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. முறிவின் வேதனைக்கு வலி மாத்திரை. அந்த வலி மாத்திரையோ ரத்தக் கொதிப்பை ஏற்றக்கூடிய வகையைச் சேர்ந்தது, சிறுநீரகத்துக்கும் ஆகாதது.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? மூன்று வைத்தியர்களும் தமக்குத் தெரிந்த அளவில் சரியாகவே எழுதினார்கள். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. எல்லாம் தெரிந்தது அந்த மஞ்சள் பைக்கு மட்டுந்தான். அந்தப் பையைப் படிக்கத் தெரிந்தவர் அவ்வீட்டில் ஒருவருமில்லை.

இது ஒரு கிழவியின் வீட்டு விவகாரம், இதற்குத் தினசரிப் பத்திரிகையின் தலையங்கப் பக்கத்தில் என்ன வேலை என்று அரசியல் தொண்டர்களான நம் வாசகர்களில் சிலர் நினைக்கலாம். தேசம் சுதந்திரம் அடைந்த காலத்தில் இந்நாட்டில் பிறக்கும் குழந்தையின் சராசரி ஆயுள் 32 வருஷம் என்று கணக்கிட்டார்கள். இன்று அது 70-ஐ ஒட்டி நிற்கிறது. 2011-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் சுமார் 75 லக்ஷம் பேர். அகில இந்தியாவில் நூற்றுக்கு 8.6 பேர் முதியவர் என்றால், தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துக்கும் மேல். இந்த விகிதம் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போகிறது. ஆயுளை நீட்டித் தந்த தேசத்துக்கு, நீண்ட ஆயுளை எப்படிக் கழிப்பது என்ற விஷயத்திலும் பொறுப்பு உண்டு. இதை முதலில் உணர்ந்த இடங்களில் சென்னை ஒன்று. 1978-ஆம் வருஷத்திலேயே சென்னை அரசாங்கப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். இந்தியாவில் அத்தகைய பிரிவு அதற்கு முன் கிடையாது.

மருந்து ஏழைகளுக்குக் கிடைப்பதிலும் தமிழ்நாடு பின்தங்கி நிற்கவில்லை. 1994-இல் ஏற்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளைப் பொதுப் பெயரில் மொத்தமாக வாங்கி, சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் அனுப்பி வருகிறது. பல ராஜ்யங்கள் இதைப் பார்த்துப் பாடம் கற்றுக்கொண்டன. 2021 ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி ஜில்லா சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. ரத்தக் கொதிப்பும் நீரிழிவும் உள்ளவர்களுக்கு, சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே போய்ப் பரிசோதித்து மாத்திரைகளைக் கொடுப்பது இதன் முக்கிய அம்சம். 2022 டிசம்பர் 29-ந் தேதி திருச்சி ஜில்லா சன்னாசிப்பட்டியில் ஒரு கோடியாவது பயனாளிக்கு மருந்துப் பெட்டகம் அளிக்கப்பட்டது. 2024-இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் இதற்குக் கிடைத்தது. கட்சி அபிமானங்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், இது தமிழர் எல்லோரும் பெருமை கொள்ளத்தக்க காரியமே. பஸ் ஏறிப் போய், கூட்டத்தில் நின்று, அன்றையக் கூலியையும் இழந்து வாங்கிய மாத்திரையை இன்று ஒரு பெண் வீட்டு வாசலில் கொண்டுவந்து தருகிறாள் என்றால் அது சாமானியமான மாறுதல் அல்ல.

மருந்து வாசல்வரை வந்துவிட்டது. வாசலிலிருந்து வாய்வரை உள்ள தூரத்தைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம். தினமும் ஒரு கிராமத்தில் பல வீடுகளுக்கு நடக்க வேண்டிய அந்தப் பெண், ஒவ்வொரு வீட்டிலும் அரை மணி நேரம் உட்கார்ந்து, தனியார் கடையில் வாங்கிய மாத்திரைகளையும் எடுத்துக் காட்டச் சொல்லிப் பேசிக்கொண்டிருப்பது சாத்தியமா? அவள்மீது குறை சொல்வது நம் நோக்கமல்ல. அவள் முடித்துவிட்டுப் போகும் இடத்தில் தொடங்கும் வேலை ஒன்று இருக்கிறது. அது யாருடையது என்று இதுவரை யாரும் சொல்லவில்லை.

இந்த வேலை பண விஷயமும் அன்று. அறிவு விஷயமும் பெரும்பாலும் அன்று. நீடித்த நோய்களுக்கு மருந்து சாப்பிடுகிறவர்களில், செல்வமுள்ள நாடுகளில்கூடச் சுமார் பாதிப் பேரே வைத்தியர் சொன்னபடி சாப்பிடுகிறார்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2003-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. இங்கிலீஷ் படித்த இங்கிலீஷ்காரர்கள் நிலைமையே இப்படி என்றால், கையெழுத்துப் போட மட்டும் தெரிந்த நம் பாட்டிமார் பாதி மாத்திரையாவது சரியாகச் சாப்பிடுவது அவர்கள் புத்திசாலித்தனத்துக்கே அத்தாட்சி. அவர்கள் எழுத்தைப் படிப்பதில்லை. நிறத்தையும் வடிவத்தையும் படிக்கிறார்கள். "வெள்ளை வட்டம் காலைக்கு, மஞ்சள் நீளம் ராவுக்கு" என்று மனப்பாடம் செய்திருப்பார்கள். டெண்டர் மாறித் தயாரிப்பாளர் மாறினால் நிறமும் மாறிவிடுகிறது. மாறிய மாத்திரையைப் புதியது என்று நினைத்துப் பழையதோடு சேர்த்துச் சாப்பிடுகிறவரும் உண்டு. "இது என் மாத்திரை இல்லை" என்று தூக்கி எறிகிறவரும் உண்டு.

முந்திரிப் பகுதியில் இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. கொட்டை உடைத்துக் காலங்கழித்த பெண்களின் விரல்களைப் பாருங்கள். முந்திரி ஓட்டின் எண்ணெய் தோலைத் தின்று, விரல் நுனிகள் கருத்துத் தடித்துப் போயிருக்கும். அந்த விரலால் வெள்ளித்தாளைக் குத்தி ஒரு சின்ன மாத்திரையை வெளியே எடுப்பது எளிதல்ல. ஆகவே ஒரு நாள் யாராவது வந்தபோது அட்டை முழுவதையும் பிரித்து, பழைய விபூதி டப்பா ஒன்றில் கொட்டி வைத்துவிடுகிறார்கள். ரத்தக் கொதிப்பு மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் தூக்க மாத்திரையும் அதில் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. காற்றுப் பட்டுச் சில மாத்திரைகள் பொடியாகி விடுகின்றன.

வயதான உடம்பு வாலிப உடம்பைப்போல் மருந்தைக் கழிப்பதில்லை. சிறுநீரகம் வயதோடு மெலிந்து வேலையில் மெதுவாகிறது. ஐம்பது வயதில் எழுதிய அளவு எழுபத்தைந்தில் அதிகமாகிவிடலாம். ஆனால் எழுதியதைத் திரும்பப் பார்த்துக் குறைக்கிற வழக்கம் நம்மிடம் இல்லை. ஒவ்வொரு வைத்தியரும் ஒன்றைச் சேர்க்கிறார், எடுக்கிறவர் யாருமில்லை. தூக்கம் வரவில்லை என்று இரண்டு வாரத்துக்குக் கொடுத்த மாத்திரை இரண்டு வருஷம் நீடிக்கிறது. காலையில் தள்ளாட்டம், மத்தியானம் மறதி. "வயசாச்சு, புத்தி தடுமாறுது" என்று வீட்டார் முடிவுகட்டி விடுகிறார்கள். தடுமாற்றத்துக்குக் காரணம் வயதா, மாத்திரையா என்று கேட்பவர் அபூர்வம்.

எல்லாவற்றிலும் அவசரமானது சர்க்கரை மாத்திரை. கிளிமிபிரைடு போன்ற சில மாத்திரைகள், சாப்பாடு உள்ளே போனாலும் போகாவிட்டாலும் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். நம் பெரியவர்கள் கிருத்திகை என்றும் ஏகாதசி என்றும் பட்டினி கிடக்கிறார்கள். ஆனால் டாக்டர் சொன்ன மாத்திரையை மட்டும் பக்தி சிரத்தையோடு விழுங்கிவிடுகிறார்கள். மத்தியானம் உடம்பு வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறுகிறது. விரதத்தின் களைப்பு என்று படுக்க வைத்துவிடுகிறார்கள். உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் எழுந்து உட்காருகிறவர், கவனிக்கப்படாமல் மயக்கத்தில் ஆழ்ந்து போகிறார். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது; அப்போது ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். விரதம் இருக்க வேண்டாம் என்று சொல்ல நாம் வரவில்லை. விரத நாளில் எந்த மாத்திரையை நிறுத்துவது என்று முன்கூட்டியே வைத்தியரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறோம். இதற்கு நேர்மாறான வழக்கமும் பண்ருட்டியில் உண்டு. பலா சீசனில் பத்துச் சுளை தின்றுவிட்டு, அதற்குப் பரிகாரமாக இன்னொரு சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொள்கிறவர்களை நாமே பார்த்திருக்கிறோம். பலாவைப் பழிக்கப் பண்ருட்டியில் யாருக்குத் துணிவு வரும்? ஆனாலும் அந்தக் கணக்கு உடம்பில் செல்லாது.

நாட்டு மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிறுகுறிஞ்சான் பொடிக்கும் சர்க்கரையை இறக்கும் குணம் உண்டென்று கண்டிருக்கிறார்கள். அதையும் இங்கிலீஷ் மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிட்டால் இரண்டு கை சேர்ந்து இழுத்ததுபோல் சர்க்கரை இறங்கிவிடலாம். டாக்டர் கோபிப்பார் என்று பயந்து பொடியை மறைக்கிறார்கள். மறைக்க வேண்டியதில்லை, அதுவும் மருந்துதான், அதுவும் பட்டியலில் ஏற வேண்டும்.

மூட்டு வாதத்துக்குக் கொடுக்கும் மெதோட்ரெக்ஸேட் என்ற மாத்திரை வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் சாப்பிட வேண்டியது. மற்ற மாத்திரைகளைப்போல் தினசரி என்று எண்ணிச் சாப்பிட்டு உயிரிழந்தவர்கள் உலகமெங்கும் உண்டு. சீட்டில் அது எழுதப்பட்டுத்தான் இருக்கும். எந்தப் பாஷையில் என்பதே கேள்வி.

இங்கேதான் நாம் சர்க்காரையும் மருந்துக் கம்பெனிகளையும் நேராகக் கேட்க விரும்புகிறோம். ரயில்வே ஸ்டேஷன் பெயர்ப் பலகை தமிழில் இருக்க வேண்டும் என்று போராடினோம். கோர்ட்டில் தமிழ் வேண்டும் என்கிறோம். பள்ளிக்கூடத்தில் தமிழ் வேண்டும் என்கிறோம். எல்லாம் நியாயம். ஆனால் ஒரு தமிழ்த்தாய் தன் வாயில் போட்டுக்கொள்ளும் மாத்திரை என்ன, எதற்கு, எப்போது என்று அவள் மொழியில் எழுதியிருக்க வேண்டும் என்று எந்த மகாநாட்டிலாவது தீர்மானம் போட்டோமா? 2018-இல் மத்திய சர்க்கார் விதிகளைத் திருத்தி, கூட்டு மருந்துகள் நீங்கலாக, மருந்தின் பொதுப் பெயரைக் கம்பெனிப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்று ஏற்பாடு செய்தது. நல்ல காரியம். ஆனால் புரியாத எழுத்து பெரிதானால் என்ன, சிறிதானால் என்ன? சென்னையில் கொடுக்கும் அட்டையும் லண்டனில் கொடுக்கும் அட்டையும் ஒரே பாஷையில் இருக்கின்றன; ஆனால் சாப்பிடுகிறவர்கள் ஒரே பாஷைக்காரர்கள் அல்லவே! குறைந்தபட்சம் மருந்து கொடுக்கும் இடத்திலாவது, கடையாயினும் ஆஸ்பத்திரியாயினும், 'ரத்தக் கொதிப்புக்கு, காலையில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின்' என்று தமிழில் அச்சிட்ட ஒரு சீட்டை ஒட்டிக் கொடுக்கச் சட்டம் செய்யலாம். படிக்கத் தெரியாதவர்களுக்காக அதில் உதயசூரியனும் உச்சிப் பொழுதும் பிறைச் சந்திரனும் படமாக இருக்கட்டும். '1-0-1' என்று எழுதிக் கொடுப்பது, அந்த ரகசியம் தெரிந்தவர்களுக்கு மட்டுமே பிரயோஜனம்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்று சொல்கிறோம். ஜப்பானில் 1993-ஆம் வருஷம் அக்கி நோய்க்கு வந்த ஒரு புது மருந்தையும் புற்றுநோய் மருந்தையும் ஒரே சமயத்தில் சாப்பிட்ட 15 பேர் இறந்துபோனார்கள். ஒரு வைத்தியர் கொடுத்தது மற்ற வைத்தியருக்குத் தெரியாததே காரணம். இதற்குப் பின் அங்கே 'மருந்துக் குறிப்பேடு' என்ற சிறு நோட்டு பரவலாயிற்று. எந்தக் கடையில் எந்த மருந்து வாங்கினாலும் அதன் விவரம் அந்த நோட்டில் ஒட்டப்படும். நோயாளி எங்கே போனாலும் அதை எடுத்துச் செல்வார். 2011 மார்ச் 11-ந் தேதி பூகம்பமும் ஆழிப்பேரலையும் வந்து ஆஸ்பத்திரிகளின் தஸ்தாவேஜுகளே அழிந்துபோன இடங்களில், இந்த நோட்டைக் கையோடு கொண்டுவந்த கிழவர்களுக்கு வைத்தியர்கள் உடனே சரியான மருந்தைக் கொடுக்க முடிந்தது.

கடலூர் ஜில்லாக்காரர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. 2011 டிசம்பர் 30-ந் தேதி தானே புயல் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. 2024 நவம்பர் 30-ந் தேதி ஃபெஞ்சல் புயல் கரையேறியதை ஒட்டித் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. வெள்ளம் புகுந்த வீட்டில் ஆணியில் தொங்கிய பை தப்பலாம். அலமாரியில் இருந்த சீட்டு தப்பாது. முகாமில் வந்து உட்கார்ந்த பெரியவரிடம் "என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று டாக்டர் கேட்டால், "சின்னதா, வெள்ளையா இருக்கும்" என்ற பதில்தான் கிடைக்கிறது. வெள்ளையாக இல்லாத மாத்திரை எத்தனை?

நோட்டு ஜப்பானில் இருக்கட்டும். நமக்கு ஒரு தாள் போதும். அத்தாளில் ஒவ்வொரு மாத்திரையின் பெயரும் தமிழிலும் இங்கிலீஷிலும் இருக்க வேண்டும். அது எதற்கு, எந்த வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, யார் எழுதியது, எப்போது ஆரம்பித்தது என்பவை இருக்க வேண்டும். 'எதற்கு' என்ற கலத்தை நிரப்ப முடியாத மாத்திரை ஒன்றாவது அநேகமாக ஒவ்வொரு வீட்டிலும் அகப்படும். அதை வைத்தியரிடம் கேட்கவே இந்தத் தாள். எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் எழுத வேண்டும். ஒரு பிரதியை மாதக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டலாம். மற்றொன்றை ரேஷன் கார்டோடு பாலிதீன் உறையில் வைக்கலாம். எந்த வைத்தியரிடம் போனாலும் தாளையும் பையையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும்.

இதை யார் எழுதுவது? இங்கேதான் தொண்டர்களாகிய உங்களைப் பிடித்துக்கொள்கிறோம். மகாத்மா காந்தி தம் சுயசரிதையில், நோயுற்ற தந்தைக்குத் தாம் பணிவிடை செய்ததை விவரித்திருக்கிறார். ராஜகோட்டில் பள்ளிக்கூடம் போகும் பையனாக இருந்தபோது, தந்தையின் புண்ணுக்குக் கட்டுப்போடுவதும், வேளைக்கு மருந்து கொடுப்பதும், வீட்டிலேயே கலக்க வேண்டிய மருந்தைக் கலப்பதும் அவர் வேலைகள். பிற்பாடு தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரில், டாக்டர் பூத் என்பவர் நடத்திய சிறிய தர்ம வைத்தியசாலையில் தினமும் காலையில் போய், நோயாளிகளின் குறைகளைக் கேட்டு டாக்டரிடம் சொல்லி, அவர் எழுதிய மருந்தை எடுத்துக் கொடுத்தார். வக்கீல் தொழிலுக்கு நடுவே இதற்கென்று நேரம் ஒதுக்கினார். அங்கே வந்த நோயாளிகள் பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழரும் தெலுங்கரும் வட இந்தியருமே. மேடைப் பேச்சுக்கு முந்தியது அவருக்கு மருந்துப் புட்டி. இதைச் சொல்லிக் காட்டி உங்களை வெட்கப்படுத்துவது நம் எண்ணமல்ல. கூட்டத்துக்கு ஆள் சேர்க்கத் தெருத் தெருவாகப் போகிறீர்கள், அதே தெருவில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பேனாவோடும் நாலு தாளோடும் போக முடியாதா என்று கேட்கிறோம்.

இன்னொரு நினைவும் வருகிறது. பண்ருட்டியை ஒட்டிய திருவதிகையில்தான், சூலை நோயால் துடித்த திருநாவுக்கரசர் தம் தமக்கை திலகவதியாரைத் தேடி வந்தார். பக்தர்கள் அங்கே காண்பது வேறு. நாம் காண்பது, நோயாளி எந்த வாசலில் போய் விழலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை. ஒவ்வொரு முதியவருக்கும் அப்படி ஒருவர், மகனோ மருமகளோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ, இன்னார் என்று பெயர் சொல்லும்படி இருக்க வேண்டும். எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்ற வீட்டில் யாரும் பார்ப்பதில்லை. பிள்ளை சிங்கப்பூரிலோ திருப்பூரிலோ இருந்தால் என்ன? ராத்திரி எட்டு மணிக்கு டெலிபோனில் "சாப்பிட்டாயா?" என்று கேட்கிறானே, "பிறைச் சந்திரன் போட்ட மாத்திரையை எடுத்துக் காட்டு அம்மா" என்று முகம் பார்த்துப் பேசும்போது கேட்கலாம்.

தொண்டர்களுக்கு ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. நீங்கள் எழுதலாம், கேட்கலாம், அழைத்துப் போகலாம். எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தக் கூடாது, கூட்டக் கூடாது, மாற்றக் கூடாது. அட்டெனலால் போன்ற சில ரத்தக் கொதிப்பு மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் இருதயத்துக்கே ஆபத்து. விழுங்க முடியவில்லை என்று மாத்திரையைப் பொடி செய்து கொடுப்பதும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. மெதுவாகக் கரைவதற்கென்றே செய்யப்பட்டவை பொடித்தால் ஒரே சமயத்தில் உள்ளே இறங்கிவிடும். இன்சுலின் ஊசி மருந்தை, ஐஸ் பெட்டி இல்லாத வீட்டில், ஈர மண்பானைக்குள் ஒரு சிறு கிண்ணத்தில் வைத்துக் காப்பாற்றலாம். ஐஸ் பெட்டி உள்ள வீட்டில் உறையும் தட்டில் வைத்துக் கெடுத்துவிடுகிறார்கள்! பணமில்லாமல் பாதி மாத்திரையாகச் சாப்பிட்டு மிச்சம் பிடிக்கிறவர்கள் வெளியே சொல்லமாட்டார்கள். இங்கிதமாகக் கேட்டறிந்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ மக்கள் மருந்தகத்துக்கோ வழி காட்டுங்கள்.

சர்க்கார் செய்ய வேண்டியது தமிழ்ச் சீட்டோடு முடிந்துவிடாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை, முதியவரின் எல்லா மருந்துகளையும் ஒரே வைத்தியர் ஒரே மேஜைமீது வைத்துப் பார்த்து, வேண்டாததை எடுக்கும் நாள் ஒன்று ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நியமிக்கப்பட வேண்டும். சேர்ப்பதற்குத் திட்டம் இருப்பதுபோல் குறைப்பதற்கும் திட்டம் வேண்டும். மருந்தாளுநர்கள் படித்த படிப்பு மாத்திரையை எண்ணிக் கொடுப்பதற்கு மட்டும் அல்ல. அவர்களை இந்த வேலையில் அமர்த்தலாம்.

மஞ்சள் பை மூதாட்டியின் விஷயத்தைச் சொல்லி முடிக்கவில்லை. பண்ருட்டி டாக்டர் பதினொன்றை ஐந்தாகக் குறைத்தார். இரண்டு அம்லோடிபினில் ஒன்று போயிற்று. நீர் மாத்திரை போயிற்று. வலி மாத்திரைக்குப் பதில் வேறு கொடுத்தார். பக்கத்து வீட்டில் பத்தாவது வகுப்புப் படிக்கும் பெண் தாளை எழுதி, சூரியனும் பிறையும் வரைந்து, காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினாள். மூன்று வாரம் கழித்து நாம் மறுபடி போனபோது கால் வீக்கம் வடிந்திருந்தது. ராத்திரி ஒரு தடவைதான் எழுந்திருப்பதாகச் சொன்னார். பிறகு, டாக்டர் எடுத்துவிட்ட மாத்திரைகளையெல்லாம் ஒரு துணியில் பத்திரமாக முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்துக் காட்டினார்.

"இதெல்லாம் நல்ல மாத்திரைதானே தம்பி? எதிர் வீட்டு ஆயாளுக்கும் பிரஷர்தான். குடுத்துடட்டுமா?"

அந்த முடிச்சை அவர் கையிலிருந்து வாங்குவதற்கு நமக்கு அரை மணி நேரம் ஆயிற்று.